படகு பளிச்சென்று இருந்தால் போதுமா?



இம்முறை நான் எழுதப் போவது இலக்கணத்தைப் பற்றியும் அன்று. தேர்வைப் பற்றியும் அன்று. ஒரு படகின் மெத்தை இருக்கைகளையும் அதன் உலோகக் கைப்பிடிகளையும் பற்றியே எழுதப் போகிறேன். ‘ஆசிரியைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்தப் படகைக் கெடுத்தவள் நான்தான். நல்ல எண்ணத்தோடு, கைகள் இரண்டும் நோக, ஒரு பகல் முழுவதும் உழைத்துக் கெடுத்தேன்!

என் தம்பி சித்தியவானில் வசிக்கிறான். சிறியதொரு ஃபைபர் படகு அவனுக்கு உண்டு. தூண்டில் போடுவோரையும், பங்கோர்த் தீவைச் சுற்றிப் பார்க்க விரும்பும் குடும்பங்களையும் ஏற்றிச் செல்வான். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதியை அந்தப் படகுதான் தாங்குகிறது.

2024ஆம் ஆண்டு மாசி மகத்தின்போது எங்களுக்குக் கல்வியாண்டு இறுதி விடுமுறை. நான் தம்பி வீட்டில் இருந்தேன். பங்கோரில் கடலை ஒட்டி அமைந்துள்ள பத்திரகாளியம்மன் ஆலயத்தின் மாசி மகம் எத்துணைப் பெரிய திருவிழா என்பது பேராக் மாநிலத்தார்க்குத் தெரியும். அந்த வார இறுதிக்குத் தம்பியின் படகைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தன. தம்பியோ வேறொரு வேலையாக ஈப்போ சென்றுவிட்டான். ‘திரும்பி வருவதற்குள் படகைக் கழுவி வைத்து அவனை வியக்க வைப்போம்’ என்று நானும் தம்பி மனைவியும் முடிவு செய்தோம்.

வெள்ளை நிற வினைல் மெத்தைகளில் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. துணி வெளுக்கும் வெளுப்பு நீரை அப்படியே ஊற்றித் தேய்த்தேன். மாயம் போல் வெளுத்தது! கைப்பிடிக் கம்பிகளில் ஆங்காங்கே பழுப்புக் கறை. பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடி போல் மின்னின. இறுதியாக, மகிழுந்தின் உட்புறத்துக்குப் பூசும் பளபளப்பு எண்ணெயை மெத்தைகள் மேல் தாராளமாகப் பூசினேன். படம் எடுத்து உறவினர்களுக்கும் அனுப்பி வைத்தோம். பாராட்டுகள் குவிந்தன.

மாலையில் தம்பி வந்தான். படகைப் பார்த்தான். பாராட்டவில்லை. கைப்பிடியை விரலால் தடவினான். மெத்தையை முகர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அக்கா, தவறாக எடுத்துக் கொள்ளாதீர்கள். உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் பத்து ஆண்டுகளில் வெயிலும் உப்பும் செய்ய வேண்டிய வேலையை ஒரே நாளில் செய்துவிட்டீர்கள்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தவருக்குப் பாடம் சொல்லிப் பழகியவள் நான். அன்று படகுத்துறையில் நின்று பாடம் கேட்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். பின்னர் நானே படித்து அறிந்தவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

மெத்தையின் கதை

வினைல் என்பது பி.வி.சி. எனப்படும் நெகிழி. அது இயல்பில் விறைப்பானது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை எண்ணிப் பாருங்கள். அதனை மெத்தை உறையாக மாற்றுவதற்கு இளக்கிப் பொருள்களைக் கலக்கிறார்கள். அந்த இளக்கிகள் உள்ளே இருக்கும் வரைதான் வினைல் துவளும். வெயிலும் வெப்பமும் அவற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. பெட்ரோல், தின்னர் போன்ற கரைப்பான்களால் துடைத்தால் அந்த வேலை இன்னும் விரைவாக நடக்கிறது. இளக்கி போனால் வினைல் விறைத்து, வெடித்துவிடும். கட்டிப்பான வெளுப்பு நீரோ மேற்பூச்சை அரிக்கிறது. தையல் நூலையும் நலிவடையச் செய்கிறது. உறை நன்றாக இருந்தும் தையல் விட்டுப்போன மெத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் வெயிலோடு சேர்ந்து நம் ‘தூய்மை’யும் அதற்குக் காரணம்.

பூஞ்சணத்துக்கு வருவோம். பூஞ்சணம் வினைலை உண்டு வாழ்வதைவிட அதன்மேல் படிந்துள்ள அழுக்கை உண்டே பெரிதும் வாழ்கிறது. வியர்வை, உடல் எண்ணெய், வெயிலுக்குப் பூசும் களிம்பு, சிந்திய இனிப்பு நீர் ஆகியவை அதற்கு உணவு. ஈரம் அதற்கு வீடு. நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கடல் உப்பு படிந்த மெத்தையோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்கிறது. உலர்ந்தது போல் தோன்றி இரவில் மீண்டும் பிசுபிசுக்கும். ஆகவே, உப்பையும் அழுக்கையும் போக்கி, நன்கு உலர வைத்தாலே பூஞ்சணம் பெரும்பாலும் வராது. வந்தபின் வெளுப்பதைவிட வராமல் காப்பது எளிது.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வகைக் கறை தோன்றுவதும் உண்டு. அது மேலே இருந்து வருவதன்று. உள்ளே நனைந்த பஞ்சிலும் உறையின் பின்புறத்திலும் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சாயம் வினைலை ஊடுருவி மேலே வருகிறது. அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்ப்பவரின் தோள்தான் தேயும்!

தம்பி கடைப்பிடிக்கும் முறை மிக எளிது.

1. கரை சேர்ந்த உடனே நல்ல நீரால் அலச வேண்டும். தேய்ப்பதற்கு முன் அலசுவது முக்கியம். இல்லையேல் உப்புப் பரல்களே உறையைக் கீறும்.

2. பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த நீர், மென்மையான துணி, தையல் ஓரங்களுக்கு மென்மையான தூரிகை. இவையே போதும். மீண்டும் நல்ல நீரில் சோப்பு போக அலச வேண்டும்.

3. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மெத்தைகளைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கீழ்ப்புறமும் காற்று வாங்க வேண்டும். ஈரத்தோடு நெகிழித் தாள் போட்டு மூடுவது பூஞ்சணத்துக்குப் பந்தல் போடுவதற்குச் சமம்.

4. வினைலுக்கென்றே செய்யப்பட்ட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நீர் சார்ந்த பூச்சை மெல்லியதாகப் பூசலாம். எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு நிழல்தான். அதாவது, காற்றுப் புகும் துணி உறை.

நான் பூசிய பளபளப்பு எண்ணெய் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அன்றிரவே அதைக் கழுவி எடுத்தோம். “படகில் ஏறும் பிள்ளை முதலில் மிதிப்பது மெத்தையைத்தான். இதில் கால் வைத்தால் நேரே கடலில்தான் விழும்” என்றான் தம்பி. அழகு பார்த்தவளுக்கு ஆபத்து தெரியவில்லை.

இன்னோர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். வெளுப்பு நீரோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மை மிக்க குளோரின் வாயு உண்டாகும். அம்மோனியா உள்ள துப்புரவு நீரோடு சேர்த்தாலும் நச்சு வாயுவே கிடைக்கும். இது படகுக்கு மட்டுமன்று, நம் வீட்டுக் குளியலறைக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் பொருந்தும்.

கம்பியின் கதை

‘எவர்சில்வர் துருப்பிடிக்காது’ என்றுதான் நாம் எல்லாரும் நம்புகிறோம். அது முழு உண்மை அன்று. துருவேறா எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உள்ளது. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை மேலே உண்டாக்குகிறது. அந்தப் படலமே அதன் கவசம். கீறல் பட்டால் கவசம் தானே வளர்ந்து மூடிக் கொள்ளும். உயிர்வளி கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இந்தக் கவசத்தின் பெரும்பகை குளோரைடு. கடல்நீர் ஒரு லிட்டரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. இதனால்தான் படகுகளுக்கு 316 என்னும் வகையை விரும்புகிறார்கள். அதில் 2 முதல் 3 விழுக்காடு வரை மாலிப்டினம் சேர்க்கப்பட்டுள்ளது. குளோரைடை எதிர்த்து நிற்கும் ஆற்றல் கூடுதல். சமையலறைப் பொருள்களில் பெரிதும் பயன்படும் 304 வகையில் அது சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் 316 கூட உப்பு படிந்தே கிடந்தால் பழுப்புக் கறை கொள்ளும்.

இனி என் கைவரிசையைப் பாருங்கள். முதலில், மெத்தையில் ஊற்றிய வெளுப்பு நீர் வழிந்து கம்பியில் பட்டது. அதுவும் குளோரின் சேர்மமே, கவசத்தைக் குத்தும். அடுத்து, இரும்பு நாரால் தேய்த்தேன். நாரின் நுண்ணிய இரும்புத் துகள்கள் கம்பியின் மேற்பரப்பில் பதிந்துவிட்டன. உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பவை அந்தத் துகள்கள்தாம். இரண்டே வாரத்தில், கண்ணாடி போல் மின்னிய கம்பி முழுவதும் பழுப்புப் புள்ளிகள்! நான் நீக்கிய கறையைவிட நான் விதைத்த கறை மிகுதி.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அன்று மாலை நடந்த வேறொன்று.

கைப்பிடியைத் தடவிய தம்பி, அதன் அடிப்பகுதியைச் சற்று ஆட்டிப் பார்த்தான். நான் தேய்த்த வேகத்தில் அது இலேசாக அசைந்திருந்தது. திருப்புளியை எடுத்துத் திருகாணியைக் கழற்றினான். தலை பளபளவென்று இருந்தது. கீழே, படகின் உடலுக்குள் புகுந்திருந்த பகுதியோ பாதி அரித்து, பென்சில் முனை போல் மெலிந்து கிடந்தது. அடுத்ததைத் திருகினான். அது கழுத்தோடு முறிந்து கையில் வந்தது.

மேலே மின்னியது, கீழே மடிந்திருந்தது. ஏன்? திருகாணியைச் சுற்றிய இடுக்கில் உப்பு நீர் தேங்குகிறது. அங்கே உயிர்வளி புகுவதில்லை. உயிர்வளி இல்லையேல் கவசம் வளராது. அதனால் அரிப்பு மறைவாக, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. இதனை இடுக்கு அரிப்பு என்பர். ஒரே நாளில் நான் செய்த வேலையன்று அது. பல ஆண்டுகள் மேலே மட்டும் துடைத்ததன் விளைவு. தம்பியே அதை ஒப்புக் கொண்டான்: “நானும் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான் கழுவியிருக்கிறேன், அக்கா.”

அந்தக் கைப்பிடியைப் பற்றிக் கொண்டுதான் ஏழு வயதான என் மருமகள் எப்போதும் படகில் ஏறுவாள். ஓடும் படகில் அது கையோடு வந்திருந்தால்? நினைக்கும்போதே வயிறு கலங்கியது.

தம்பி அன்றிரவே அந்த இரு குடும்பங்களையும் அழைத்து, வேறு படகு பார்த்துக் கொள்ளும்படி வேண்டிக் கொண்டான். எல்லாக் கைப்பிடிகளையும் கழற்றிப் பார்க்காமல் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மாசி மகத்தன்று, நான் மின்ன வைத்த படகு பளபளவென்று துறையிலேயே கட்டிக் கிடந்தது. திருவிழா வருமானம் போயிற்று. சில மாதங்களில் மெத்தைகளின் தையலும் விட்டுப்போயிற்று. புதிய உறை தைக்க 860 ரிங்கிட் ஆனது. பாதியை நான் கொடுத்தேன். தம்பி வாங்க மறுத்ததால் மருமகளின் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் படகில் உலோகத்துக்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல நீர், பிறகு உலர்ந்த துணி. மாதம் ஒருமுறை மெல்லிய மெழுகுப் பூச்சு. இரும்பு நாருக்கு அறவே இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திருகாணிகளைக் கழற்றிப் பார்த்து, இடுக்கில் நீர் புகாதபடி அடைப்புப் பசையைப் புதுப்பிப்பது. அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி போட வேண்டிய இடத்தில், இரண்டும் நேரே தொடாதவாறு இடையில் காப்புப் பசை தடவுவது. இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக் கொண்டால் ஒரு மின்கலம் போல் இயங்கும். அலுமினியம்தான் கரைந்து போகும்.

நமக்கு இதில் என்ன பாடம்?

ஆசிரிய நண்பர்களே, சற்றே மனம் திறந்து பேசுவோம். மேலதிகாரி வருகிறார் என்றால் நம் பள்ளிகளில் என்ன செய்கிறோம்? முதல் நாள் கூட்டுப்பணி நடக்கிறது. சுவருக்கு வண்ணம், தரைக்கு வெளுப்பு நீர், நாற்காலிகளுக்குப் பளபளப்பு. படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆனால் நாற்காலிக் காலின் இரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர் எத்தனை பேர்? ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கியை ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை. பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றவாளி நான்தான்.

தூய்மை வேறு, பாதுகாப்பு வேறு. தூய்மை கண்ணுக்குத் தெரியும், ஒரு நாளில் முடியும், பாராட்டும் கிடைக்கும். பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியாது; நாள்தோறும் செய்ய வேண்டும்; யாரும் பாராட்ட மாட்டார்கள். நாம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் கற்பித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டோம் என்பதே என் கருத்து.

சிலர் சொல்லக்கூடும்: “மெத்தை கெட்டால் மாற்றிக் கொள்ளலாம். இதற்கு இத்தனை பாடா?” மெத்தையை மாற்றலாம்தான். முறிந்த கைப்பிடியோடு கடலில் விழுந்த குழந்தையை எப்படி மாற்றுவது? மேலும், மாற்றுவதற்குப் பணம் உள்ளவரே அப்படிப் பேச முடியும். நம் பெற்றோர் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் படகு. அதன் இருக்கை உறையும் வினைல்தான். அதன் திருகாணியும் மழையில் நனைகிறது. இங்கே நான் சொன்னவற்றுள் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் ஓர் எளிய சோதனை செய்தேன். பூச்சில்லாத இரும்பு ஆணிகள் இரண்டு. இரண்டையும் நாள்தோறும் காலையில் உப்பு நீரில் நனைத்தோம். ஒன்றை அப்படியே விட்டோம். மற்றொன்றை நல்ல நீரில் அலசி, நன்கு துடைத்து வைத்தோம். ஒரு வாரத்தில் முதல் ஆணி செம்பழுப்பாய் மாறியது. இரண்டாவதில் கறை மிகக் குறைவு. அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், தண்ணீரால்தான் துரு வரும் என்று சொன்னீர்கள். இப்போது தண்ணீரே மருந்து என்கிறீர்களே?”

எவ்வளவு நல்ல கேள்வி! நீர் உப்பைக் கரைத்துக் கொண்டு போகிறது; அதுவரை அது மருந்து. துடைக்காமல் விட்ட நீரே பகை. அலசுவதோடு நிறுத்தினால் வேலை பாதிதான் முடிந்தது என்று அவனுக்குச் சொன்னேன். அவன் வீட்டுக்குப் போய்த் தன் தந்தையின் மோட்டார் சைக்கிளைக் கழுவி, துடைத்தும் வைத்தானாம். அவன் தாயார் பள்ளி வாசலில் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாள்தோறும் வேலை முடிந்ததும் வெட்டுக் கத்தியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித்தான் செருகுவார். மிதிவண்டியையும் அவ்வாறே. எங்களை உட்கார வைத்து ‘இது பராமரிப்பு’ என்று அவர் விளக்கியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. தம்பி பார்த்துக் கற்றுக் கொண்டான். படித்து ஆசிரியை ஆன நான் பார்த்தும் கற்கவில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் எதையேனும் கழுவும்போது பிள்ளையை அருகில் அழையுங்கள். ‘இது எதனால் ஆனது? எது இதைக் கெடுக்கும்?’ என்று முதலில் கேளுங்கள். பிறகு துணியைக் கையில் கொடுங்கள். முடிந்தால் ஒரு திருகாணியைக் கழற்றி, அதன் மறுபக்கத்தையும் காட்டுங்கள்.